தெற்கு கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டில் 1896இல் என்ன நடந்தது? (கொஞ்சம் நீளமான த்ரெட்)

மதுரை மீனாட்சி கோவில் தெற்கு கோபுரத்துப் பக்கம் சொக்கப்ப நாயக்கன் தெருன்னு ஒண்ணு இருக்கு. அதுல 11ஆம் நம்பர் வீட்டுக்கு இப்போ ரமண மந்திரம்னு பேர். மதுரைக்காரங்க பாதிப் பேர் அதைத் தாண்டித்தான் போவோம், உள்ள போயிருக்க மாட்டோம்.

1896ஆம் வருஷ நடுவில் அந்த வீட்டு மாடி அறையில் வெங்கடராமன்னு ஒரு பையன் தனியா உட்கார்ந்திருந்தான். சித்தப்பா சுப்பையர் வீடு அது. ஊர் திருச்சுழி. அப்பா சுந்தரமய்யர் 1892லயே இறந்துட்டார். முதல்ல ஸ்காட் நடுநிலைப் பள்ளி, அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. திடீர்னு சாவு பயம் வந்தது. வந்து போனபோது பையன் பழைய பையனா இல்லை. ஆறு வாரத்துல வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். உலகம் அவரை ரமண மகரிஷின்னு சொல்லுது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் எழுத வந்தது கதையைப் பத்தி இல்ல, கதை நமக்கு வந்து சேர்ந்த வழியைப் பத்தி.

காரணம் ஒரு குற்ற உணர்ச்சி. எங்க பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் நாலு வருஷம் முன்னாடி இதைப் பத்திப் பேச்சு வந்தப்போ, நான் ஒரே வரியில் முடிச்சேன்: "பேனிக் அட்டாக். அடுத்த பேஷன்ட்." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

நான் டயக்னோஸ் பண்ணினது எதை வெச்சு? ஒரு பத்தியை வெச்சு. ரொம்பப் பிரபலமான பத்தி அது. 'நான்' 'நான்'னு தன்மையில் போகும். மதுரையை விட்டுக் கிளம்புறதுக்குச் சுமார் ஆறு வாரம் முன்னாடி, மாடியில் தனியா இருந்தேன், பயம் வந்தது, யாரையும் கூப்பிடாம நானே இதைத் தீர்க்கணும்னு தோணிச்சு, கையையும் காலையும் பிணம் மாதிரி விறைப்பா நீட்டிப் படுத்தேன், மூச்சை அடக்கி வாயை இறுக்கி மூடிக்கிட்டேன், இந்த உடம்பு செத்தா நான் சாகுறேனான்னு பார்த்தேன். ஏறக்குறைய இதுதான் சாரம்.

படிச்சா அவரே உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். அவர் எழுதல.

எழுதினவர் பி.வி. நரசிம்ம சுவாமி. துறவுக்கு முன்னாடி சேலத்து வக்கீல். 1930 வாக்கில் ஆசிரமத்தில் ரமணரிடம் கேட்டு, குறிப்பு எடுத்து, 1931இல் ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறா வெளியிட்டார். சம்பவம் நடந்து 34 வருஷம் கழிச்சு, தமிழில் சொன்னது, வக்கீல் கையால, ஆங்கிலத்தில். 1954இல் ஆர்தர் ஆஸ்பார்ன் எழுதின புத்தகம் அதே விவரிப்பை உலகம் பூரா கொண்டு போச்சு. நம்ம தமிழ்ப் போஸ்ட்கள் பலதும் அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கினதுதான்.

நரசிம்ம சுவாமி இதை ஒளிக்கல. சொன்ன வார்த்தைகள் அப்படியே பதிவாகலைன்னு அவரே குறிப்பு எழுதியிருக்கார். ரமணர் பேச்சில் 'நான்', 'நீ' எல்லாம் துலக்கமா வராது, ஆள் இல்லாம பேசுவார், தமிழ் அதுக்குத் தோதான மொழின்னும் சொல்றார்.

இது நமக்கு நல்லாவே புரியும். "சாப்பிட்டாச்சு." "படுத்தாச்சு." "பயம் வந்துச்சு." "என்னமோ தோணிச்சு." இதுல 'நான்' எங்க இருக்கு? ஆங்கிலத்துக்குக் கொண்டு போனா ஒவ்வொரு வரியிலும் ஒரு 'நான்' போட்டே ஆகணும். 'நான்'ங்கிறது என்னன்னு கேட்ட ஒருத்தரோட கதையில், அந்த 'நான்' பூரா எழுதினவர் போட்டது. எனக்கு இதை யோசிச்சா இன்னும் சிரிப்பு வருது.

சரி, மத்த பதிவுகள்?

1945இல் சூரி நாகம்மா தெலுங்கில் எழுதின கடிதத்தில் இதே சம்பவம் வருது. அங்க அழுத்தம் வேற. புலன்கள் எல்லாம் மரத்துப் போச்சு, ஆனா 'நான்'ங்கிற உணர்வு மட்டும் தெளிவா துடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்கிறதுதான் அங்க மையம்.

வேற பேச்சுப் பதிவுகளில் 'ஆவேசம்'னு ஒரு சொல் வருது. நம்ம ஊர்ல சாமி வந்து இறங்குறதுக்குச் சொல்ற அதே சொல். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது: அப்போ இது என்னன்னு தெரியாம ஏதோ காய்ச்சல்னு நினைச்சாராம். இதமான காய்ச்சலாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாராம்.

இப்போ டாக்டர் கண்ணால பாருங்க. முதல் பதிவில் பையன் கையையும் காலையும் *தானே* விறைச்சு நீட்டுறான். வேணும்னே செய்யுற காரியம். இன்னொண்ணில் புலன்கள் *தானா* மரத்துப் போகுது. ஆவேசம்னா வெளியில இருந்து ஒண்ணு வந்து பிடிக்குது. வார்டில் இந்த மூணும் மூணு தனி ஹிஸ்டரி. "நீயா படுத்தியா, விழுந்தியா, தள்ளினாங்களா"ன்னு கேக்குற மாதிரி. நான் இந்த மூணில் எதுக்கு பேனிக் அட்டாக்னு பேர் வெச்சேன்?

தேதியும் அப்படித்தான். "சுமார் ஆறு வாரம் முன்னாடி"ங்கிறதுதான் மூலம். அவர் ரயில் ஏறினது ஆகஸ்ட் 29. 42 நாள் பின்னாடி எண்ணினா ஜூலை 18. இப்போ பல இடத்துல ஜூலை 17ன்னு உறுதியா தேதி போடுறாங்க. நடுவுல அந்த 'சுமார்' காணாம போயிடுச்சு.

வயசு விஷயத்தில் சண்டை வேண்டாம். சிலர் 16ம்பாங்க, சிலர் 17ம்பாங்க. 1879 டிசம்பர் 30 பிறப்பு. முடிஞ்சது 16, நடக்கிறது 17. ஓபி சீட்டில் தினம் பார்க்கிறதுதான்.

இந்த மாதிரி மாறி மாறி வர்ற ஆரம்பக் கதைகளில் உலக அளவில் அதிகம் அலசப்பட்டது அமெரிக்காவில் மார்மன் சபையை நிறுவின ஜோசப் ஸ்மித்தோடது. 1820இல் காட்டுக்குள்ள ஜெபம் பண்ணப் போனப்போ காட்சி கிடைச்சுதுன்னு சொன்னார். 1832இல் ஒரு பதிவு, 1835இல் ஒண்ணு, 1838இல் ஒண்ணு, 1842இல் ஒண்ணு. முதல் பதிவில் கர்த்தர் வர்றார், வயசு 16ஆம் நடப்பு. 1838இல் ரெண்டு பேர் தோன்றுறாங்க, வயசு 15ஆம் நடப்பு. எதிர்க்கிறவங்க "மாத்திச் சொன்னான், பொய்"ங்கிறாங்க. நம்புறவங்க "ஒரே விஷயத்தை வேற வேற பக்கத்துல இருந்து சொன்னார்"ங்கிறாங்க. இப்போ அந்தச் சபையே எல்லாப் பதிவையும் வெளியிட்டிருக்கு.

ரெண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். ஸ்மித்தோட முக்கியமான பதிவுகள் அவர் கையால எழுதினது, இல்ல அவர் சொல்லி எழுத வெச்சது. மாறியிருந்தா அவரைக் கேக்கலாம். ரமணர் விஷயத்தில் பேனா எப்பவும் இன்னொருத்தர் கையில. அந்தப் பேனா என்னென்ன செய்யும்ங்கிறதுக்கு 'நான் யார்?' நூலே சாட்சி. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் பேசாம, எழுதிக் காட்டினது அது. அச்சானது 1923இல். உடம்பு நானல்ல, புலன்கள் நானல்லன்னு நீளமா ஒரு பட்டியல் வருமே, அது பிள்ளை தனக்கு விளங்கணும்னு சேர்த்துக்கிட்டது. ரமணரே அதைப் பார்த்து, இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டதா சொல்வாங்க.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எனக்கு இது வார்டில்தான் உறைச்சுது.

சில வருஷம் முன்னாடி ஒரு அரசு மருத்துவமனையில் நைட் டூட்டி. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தங்க வலிப்பு வந்த பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. கேஸ் ஷீட்டில் ஹவுஸ் சர்ஜன் எழுதியிருந்தது: இன்று காலை முதல். நான் கேட்டப்போ "நேத்து ராத்திரியே ஒரு மாதிரிதான்யா இருந்தான்"னாங்க. ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டப்போ "ஒரு வாரமாவே சரியில்லைங்கய்யா."

எனக்குக் கோபம். சீஃப் முன்னாடி மானம் போச்சுல்ல. "ஏம்மா, ஆளுக்கு ஒரு கதை சொல்றீங்க?"

அந்தம்மா பயப்படல. "அந்தப் பிள்ளை எப்ப விழுந்தான்னு கேட்டுச்சு. நீங்க எப்ப இருந்து இப்படின்னு கேட்டீங்க. பெரிய டாக்டரய்யா கடைசியா எப்ப நல்லா இருந்தான்னு கேட்டாக. நான் கேட்டதுக்குத்தானய்யா சொன்னேன்."

மூணும் சரி. கேஸ் ஷீட்டில் இருந்தது மட்டும் அந்தம்மா வார்த்தை இல்லை, எங்க வார்த்தை.

ஞாபகம் நம்ம கையில வெச்ச போட்டோ மாதிரி இருக்கும்ங்கிற நம்பிக்கையும் தப்பு. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாள், நைஸர், ஹார்ஷ்னு ரெண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் "செய்தி கேட்டப்போ எங்க இருந்தீங்க"ன்னு எழுதி வாங்கினாங்க. சுமார் ரெண்டரை வருஷம் கழிச்சு அதே கேள்வி. 44 பேரில் 11 பேருக்கு ஒரு விவரம்கூடச் சரியா வரல. ஆனா தப்பாச் சொன்னவங்களும் ரொம்ப உறுதியா சொன்னாங்க. யாரும் பொய் சொல்லல. ரெண்டரை வருஷத்துக்கே இப்படின்னா 34 வருஷம்?

அதனால நான் இப்போ இப்படிப் படிக்கிறேன். எல்லாப் பதிவிலும் அசையாம நிக்கிறது எது? திடீர்னு வந்த சாவு, உடம்பு செயலத்துப் போனாலும் 'நான்' போகலைங்கிற தெளிவு, அப்புறம் அந்தப் பயம் திரும்பி வராதது. அதுக்குப் பிறகு நடந்ததும் சேரும். முன்னாடி எப்பவாவது போன பையன் தினமும் மீனாட்சி கோவிலுக்குத் தனியாப் போய், நடராஜர் முன்னாடியும் அறுபத்து மூவர் முன்னாடியும் கண்ணீரோட நின்னது. இதுக்கெல்லாம் எடை அதிகம். படுத்த கோலம், மனசுக்குள்ள ஓடின வாதம், ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வர்ற முடிவு, இதெல்லாம் சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்து கட்டினதா இருக்கலாம். அந்தப் பிரபலமான பத்தியே, இது யோசிச்சு வந்ததில்லை, நேரா பளிச்சுன்னு பட்டதுன்னுதான் முடியும். நம்ம ஆட்கள் யோசனையை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த வரியை விட்டுடுறாங்க.

சம்பவத்துக்குக் கிட்டத்துல, அவர் கையாலேயே எழுதின ஒரே ஒரு காகிதம் இருக்கு. ஆகஸ்ட் 29, வீட்டை விட்டுப் போனப்போ அண்ணனுக்கு வெச்சுட்டுப் போன சீட்டு. அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டுறதுக்குன்னு எடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கிட்டு, 2 ரூபாயைச் சீட்டோட வெச்சார். என் தகப்பனைத் தேடி அவர் உத்தரவுப்படி கிளம்பிட்டேன், யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவு பண்ண வேண்டாம், சம்பளம் இன்னும் கட்டலை, இதோட 2 ரூபாய் இருக்குங்கிறதுதான் விஷயம்.

சாவு பயம் பத்தி ஒரு சொல் இல்லை. மாடி அறை இல்லை. ஆனா சீட்டு 'நான்'ன்னு ஆரம்பிக்குது. ரெண்டாவது வாக்கியத்துக்கு வர்றப்போ தன்னையே 'இது'ங்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல பேர் இல்ல, வெறும் கோடு.

34 வருஷம் கழிச்சு ஒரு வக்கீல் ஆங்கிலத்தில் எழுதின எல்லா 'நான்'களையும்விட, எனக்கு அந்தக் கோடு பெரிய சாட்சியாப் படுது. ஆறு வாரத்துக்குள்ள, 16 வயசுப் பையன், யாரும் கேள்வி கேக்காம, தானா போட்டது.

பேனிக் அட்டாக் இல்லைன்னு நான் இப்பவும் சொல்லல. ஹிஸ்டரியே கையில இல்லாம அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லைன்னுதான் சொல்றேன். பேட்ச் குழுவில் அந்தப் பழைய மெசேஜை அழிக்க முடியல, நாள் ஆயிடுச்சு. அதுக்கு ரிப்ளையா இந்த த்ரெட்டைப் போட்டிருக்கேன். முதல் பதில் வந்தாச்சு: "அப்போ டயக்னோசிஸ் என்னடா?"