ஒற்றை வால்வு: பேஸ் ஆம்ப் இளைத்த கதை

1940களில் நியூயார்க்கின் ஜாஸ் குழுக்களில் டபுள் பேஸ் வாசித்தவர்களுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்து, விரல் தோல் உரிய வாசித்தாலும், டிரம்ஸும் டிரம்பெட்டும் எழும்பிவிட்டால் அவர்கள் வாசிப்பு யார் காதிலும் விழாது. எவரெட் ஹல் அந்தக் கலைஞர்களில் ஒருவர். வாத்தியத்தைத் தரையில் தாங்கி நிற்கும் முளைக்குள் ஒரு பிக்அப்பைச் செருகி, ஒலியை வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளிருந்தே எடுக்க அவர் வழி கண்டார். 1946இல் அதற்குக் காப்புரிமை கோரினார். முளைக்கு ஆங்கிலத்தில் ‘பெக்’ என்று பெயர். ஆம்ப்ளிஃபயரோடு அது சேர்ந்து ‘ஆம்பெக்’ ஆனது. அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பேஸ் ஒலியின் அளவுகோலாக இருந்த நிறுவனத்தின் பெயரே அதுதான்.

ஹல் விரும்பியது ஒன்றே ஒன்று: வாத்தியம் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே, கொஞ்சம் பெரிதாக. ஒலியில் கரகரப்போ உடைசலோ கூடாது. அன்றைக்கு ஒலியைப் பெருக்க வால்வைத் தவிர நடைமுறையில் வேறு வழி கிடையாது. திருகிவிட்டு, சூடேறிப் பேசும்வரை காத்திருக்க வைத்த வால்வு ரேடியோக்கள் நம் வீடுகளிலும் இருந்தன. அதே கண்ணாடிக் குமிழ்கள்தாம் ஆம்ப்புக்குள்ளும் இருந்தன. யாரும் வால்வின் ‘சுவைக்காக’ அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கையில் இருந்த ஒரே கருவி அது.

இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. இன்று கடையில் மூன்று கிலோ எடையுள்ள ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, ‘உள்ளே வால்வு ப்ரீஆம்ப் இருக்கிறது’ என்று விற்பனையாளர் சொல்லும்போது, அந்த வால்வு அங்கே இருப்பதற்கான காரணம் ஹல்லின் காரணத்துக்கு நேர் எதிரானது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில், லியோ ஃபெண்டர் வேறு பாதையில் போனார். டபுள் பேஸையே ஒதுக்கிவிட்டு, தோளில் மாட்டிக்கொள்ளும் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை 1951இல் வெளியிட்டார். மரக்கட்டை போன்ற உடல் கொண்ட அந்த வாத்தியத்துக்குச் சொந்தக் குரல் கிடையாது. ஆம்ப் இல்லையேல் அது ஊமை. எனவே 1952இல் பேஸ்மேன் என்ற ஆம்ப்பும் வந்தது: 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 26 வாட். அதன் 1950களின் பிற்பகுதி வடிவத்தைக் கிட்டார் கலைஞர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்ப்பை அதன் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் செய்தார். பேஸுக்காகப் பிறந்த பெட்டி ராக் கிட்டாரின் தாயானது. பேஸ்காரர்களுக்கு மட்டும் சரியான வீடு இன்னும் அமையவில்லை.

அமைத்துக் கொடுத்தவர் ஹல்லிடம் 1956இல் சேர்ந்த ஜெஸ் ஆலிவர். 1960இல் வந்த பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸில், ஆம்ப்பின் எலக்ட்ரானிக்ஸ் முழுவதும் ஸ்பீக்கர் பெட்டியின் மூடியில் பொருத்தப்பட்டிருந்தது. கச்சேரி முடிந்ததும் மூடியைக் கவிழ்த்து மாட்டினால் வால்வுகள் பெட்டிக்குள் பத்திரமாகப் போய்விடும்; அடுத்த மேடையில் மூடியைப் புரட்டினால் ஆம்ப் தயார். இரண்டு 6எல்6 பவர் வால்வுகள், 15 அங்குல ஸ்பீக்கர், வெறும் 25 வாட். கையில் தூக்கிப்போகும் பேஸ் ஆம்ப் என்ற எண்ணத்துக்கு முதலில் முழு உருவம் கொடுத்தது இதுதான் என்று துணிந்து சொல்லலாம். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் டொனால்ட் ‘டக்’ டன் இதில் வாசித்தார். டெட்ராய்டில் மோடவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் மேடைகளில் இதைப் பயன்படுத்தினார். மோடவுன் பாட்டில் கேட்பதெல்லாம் பி-15 ஒலிதான் என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அந்தப் பதிவுகளில் ஜேமர்சனின் பேஸ் பெரும்பாலும் ஆம்ப்பைத் தொடாமல் நேரடியாகவே மிக்ஸருக்குப் போனது.

வால்வு வழியாகப் போன பேஸ் ஏன் காதுக்கு இவ்வளவு இதமாக இருக்கிறது? நாலு தந்தி பேஸில் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் நொடிக்கு சுமார் 41 அதிர்வுகள். சின்ன ஸ்பீக்கர்களால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. ஆனாலும் டீக்கடை ரேடியோவில் இளையராஜா பாட்டு ஓடும்போது, அந்தக் கையகல ஸ்பீக்கரிலும் பேஸ் கிட்டாரின் ஓட்டத்தை நாம் பின்தொடர்ந்து முணுமுணுக்கிறோம். காரணம், அடிப்படை ஒலியின் இரட்டிப்பும் மும்மடங்குமான மேலோசைகள் காதில் விழுந்தால் போதும். இல்லாத அடி ஒலியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. வால்வைக் கொஞ்சம் அழுத்தி வேலை வாங்கும்போது இந்த மேலோசைகள் கூடுகின்றன. அதோடு, தாங்கும் அளவைத் தாண்டும்போது ஒலியின் உச்சியை அது சட்டென்று வெட்டுவதில்லை, வளைத்து மழுக்குகிறது. ஹல் குறையாகக் கருதிய அந்தக் கலப்பால்தான், கூட்டு இசையின் நடுவே பேஸின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கிறது.

ஹல்லுக்கு இது உவப்பாக இல்லை. ராக் அண்ட் ரோல் அவருக்குப் பிடிக்காது. ஆம்ப்பை முழுக்கத் திருப்பி உடைந்த ஒலி எழுப்புகிறவர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் காலம் அவர்கள் பக்கம் இருந்தது. 1967இல் அவர் நிறுவனத்தை விற்றார். இரண்டே ஆண்டில், 1969இல், அதே ஆம்பெக்கிலிருந்து பில் ஹ்யூஸும் ராஜர் காக்ஸும் உருவாக்கிய எஸ்விடி வந்தது: 300 வாட், மொத்தம் 14 வால்வுகள், அவற்றில் ஆறு பவர் வால்வுகள். எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டிகள் இரண்டை இது இயக்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதன் முன்மாதிரிகளையே எடுத்துப் போனார்கள். பில் வைமனின் பேஸுக்கு மட்டுமல்ல, கிட்டார்களுக்கும் அவைதாம். ஸ்டேடிய மேடையில் பேஸ் வயிற்றில் அறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து வளர்ந்தது.

விலையைச் சுமந்தது முதுகு. எஸ்விடியின் ஆம்ப் பகுதி மட்டும் 40 கிலோவை நெருங்கும். எட்டு ஸ்பீக்கர் பெட்டி ஒன்று 60 கிலோவைத் தாண்டும். ஆம்ப்பின் எடையில் பெரும்பங்கு வால்வுகளுடையது அல்ல. கண்ணாடிக் குமிழ் எடையே இல்லாதது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்த ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், வால்வின் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தர இன்னொன்று. எடையில் பெரும்பகுதி அந்த இரும்பிலும் தாமிரத்திலும் இருந்தது.

டிரான்சிஸ்டர் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரை ஒழித்தது. 1960களின் கடைசியில் வந்த அக்கூஸ்டிக் 360, 200 வாட் டிரான்சிஸ்டர் சக்தியை 18 அங்குல ஸ்பீக்கரில் இறக்கியது. பிறகு ஜாக்கோ பாஸ்டோரியஸ் கையில் அது புகழ்பெற்றது. சுத்தம், வேகம், சக்தி என எல்லாம் இருந்தும், ஸ்டூடியோக்காரர்கள் பலர் எதையோ இழந்ததாக உணர்ந்தார்கள். அந்த உணர்வுக்கு விடையாக 1984இல் ஸ்டீவ் ரேப் என்ற பொறியாளர் கலிஃபோர்னியாவில் எஸ்டபிள்யூஆர் நிறுவனத்தைத் தொடங்கினார். முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர்: ஒலியின் குணத்தை ப்ரீஆம்ப்பில் இருக்கும் சின்ன வால்வு கொடுக்கட்டும், பலத்தை டிரான்சிஸ்டர் கொடுக்கட்டும். இன்று நாம் பார்க்கும் கையடக்க ஆம்ப்புகளின் பாட்டன் இந்தக் கலப்பினம்தான். ஹல்லின் காலத்தில் தேவையாக இருந்த வால்வு, இங்கே விரும்பிச் சேர்க்கும் பொருளாகிறது.

மீதமிருந்த எடையைக் கரைத்தது கிளாஸ் டி என்ற பெருக்கி முறை. இந்த யோசனை பழையது. பிரிட்டனில் கிளைவ் சின்க்ளேர் 1964இலேயே எக்ஸ்-10 என்ற பெயரில் இப்படி ஒரு ஆம்ப்பைப் பூட்டிக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்பாக விற்றார். ஆனால் அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அதற்குத் தேவையான வேகம் இல்லை. கிளாஸ் டியில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாயைப் போல நிற்பதில்லை; நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. ஒவ்வொரு திறப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில் ஒலி பொதிந்திருக்கிறது. வெப்பமாக வீணாவது மிகக் குறைவு என்பதால் பெரிய அலுமினியத் துடுப்புகள் தேவையில்லை. கூடவே வந்த ஸ்விட்சிங் பவர் சப்ளை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸாக மாற்றிக்கொள்வதால் உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும்.

2000களில் மாற்றம் வேகமாக நடந்தது. மெசா பூகியின் வாக்கபௌட், வால்வு ப்ரீஆம்ப்போடு 300 வாட்டை ஆறு கிலோ அளவில் அடக்கியது. இத்தாலியில் மார்க்பேஸ் தன் லிட்டில் மார்க் வரிசையில் ஒரு டியூப் மாடலைக் கொண்டுவந்தது: 4 ஓம் ஸ்பீக்கரில் 500 வாட், எடை ஏறக்குறைய மூன்று கிலோ. ஜென்ஸ் பென்ஸின் ஸ்ட்ரீம்லைனர் 900 ப்ரீஆம்ப்பிலேயே மூன்று வால்வுகளை வைத்தது. 40 கிலோ எஸ்விடியைவிட அதிக வாட்டை, பேஸ் கிட்டார் உறையின் பக்கப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம் என்றானது. மேடைக்கலைஞர்களின் வாழ்க்கையை இவ்வளவு இலகுவாக்கிய மாற்றங்கள் குறைவு. தோள்வலியாலும் முதுகுவலியாலும் பெரிய ஆம்ப்பைக் கைவிட வேண்டிய வயதிலும் பலரால் தொடர்ந்து வாசிக்க முடிகிறது.

இனி, தேர்ந்தெடுப்பது. வரலாறு தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்விகளும் தெரிந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் வால்வு, பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, 1940களில் ஆர்சிஏ வெளியிட்ட அதே வகை. அது சரியாக வேலை செய்ய நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சில மலிவான கருவிகள் சொற்ப வோல்ட்டில் வால்வை ஒளிரவைத்து, கண்ணாடிக்குப் பின்னால் விளக்கும் பொருத்திவிடுகின்றன. பார்க்க அழகு, கேட்கப் பெரிய வித்தியாசம் இருக்காது. சோதிக்க எளிய வழி: கெயினை ஏற்றி மாஸ்டரைக் குறைத்து வாசிக்க வேண்டும். ஒலி படிப்படியாகத் தடித்து, அழுத்தி மீட்டும்போது மட்டும் லேசாக உறுமினால் வால்வு உழைக்கிறது. சுத்தமாக இருந்து திடீரென்று கரகரத்தால் உழைப்பது வேறு எதுவோ. மார்க்பேஸ் டியூப் மாடலில் வால்வு ஒலியையும் டிரான்சிஸ்டர் ஒலியையும் கலக்க ஒரு தனித் திருகி உண்டு. வால்வு என்ன செய்கிறது என்பதைத் தன் காதாலேயே தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ப்ரீஆம்ப்பில் இருக்கும் ஒற்றை வால்வால் எஸ்விடியின் ஆறு பவர் வால்வுகளும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து தரும் அமுக்கத்தைத் தர முடியாது. அது நிறம் தரும். அந்தத் தசைவலிமையைத் தராது. அதனால்தான் 300 வாட் வால்வு ஆம்ப்புக்கு ஈடாக நிற்க 500, 800 வாட் கிளாஸ் டி தேவைப்படுகிறது.

வாட் எண்ணும் ஏமாற்றும். சக்தி இரு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகப் படப் பத்து மடங்கு வாட் வேண்டும். 500 வாட் என்று முகப்பில் எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓமுக்கு. 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் மார்க்பேஸ் போன்றவற்றில் கிடைப்பது 300 அளவே. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணைத்தால் 4 ஓம். மூன்றாவதை மாட்டினால் பல ஆம்ப்புகளின் எல்லைக்குக் கீழே போய்விடும். காசு மிச்சமிருந்தால் இன்னும் பெரிய ஆம்ப்புக்குப் போவதைவிட, நல்ல ஸ்பீக்கர் பெட்டிக்குச் செலவழிப்பதே மேல். ஆம்ப் இளைத்த பிறகும் 41 ஹெர்ட்ஸ் காற்றைத் தள்ள ஸ்பீக்கர் கூம்புக்குப் பரப்பளவு வேண்டும். அந்த இயற்பியலில் தள்ளுபடி கிடையாது.

நம் ஊரில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கு மட்டும் கட்டப்பட்டதாக இருக்கலாம். ஸ்விட்சிங் பவர் சப்ளை என்பதாலேயே 230 வோல்ட்டைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. பின்பக்கத்து எழுத்தைப் படித்த பிறகே செருக வேண்டும். கச்சேரி மேடையில் ஆம்ப்பின் டிஐ (நேரடி வெளியீடு) கம்பி மிக்ஸருக்குப் போகும்போது, ப்ரீ-போஸ்ட் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் முக்கியம். ப்ரீயில் இருந்தால் பல மாடல்களில் ஈக்யூ திருத்தங்கள் மேடையில் வாசிப்பவருக்கு மட்டுமே கேட்கும், சபைக்குப் போகாது.

ப்ரீஆம்ப் வால்வு எளிதில் சாகாது. பவர் வால்வுகளைப் போல அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. பழுதானால் பெரும்பாலும் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிடும்: மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்கும். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் எப்போதோ இந்தத் தொழிலை விட்டுவிட்டன. இன்றைய ஆம்ப் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய இடங்களிலிருந்து வருபவை. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் சந்தை அதிர்ந்தது. பின்னர் வரத்து மீண்டாலும் விலை ஏறிவிட்டது. ஆறு பவர் வால்வுகளை ஒரே தொகுப்பாக மாற்ற வேண்டிய எஸ்விடிக்காரர்களுக்குத்தான் அது பெரிய அடி. ஒற்றை 12ஏஎக்ஸ்7 வைத்திருப்பவர் ஒரு உபரி வால்வை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டால், பல வருடக் கச்சேரிகளுக்கு அது போதும்.