325ஆம் எண்ணில் ஒரு கவிதை

நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. டோரதி போர்ட்டர் கவனித்தார். 1930இல், வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், கறுப்பின மக்களின் நூல்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. டூயி பதின்மப் பகுப்பு முறையில் 325 என்றால் குடியேற்றம். 326 என்றால் அடிமை முறை. கறுப்பினத்தவர் எதை எழுதினாலும் இந்த இரண்டில் ஒன்றில் தள்ளிவிடுவது அன்றைய வெள்ளையர் நூலகங்கள் பலவற்றின் வழக்கம். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் கவிஞர் என்பது ஊரறிந்த செய்தி. அவருடைய கவிதைகளும் 325இல்தான் நின்றன.

போர்ட்டர் இதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் இசையை இசையோடும் அடுக்கினார். 1973இல் ஓய்வு பெறும்வரை அந்தத் தொகுப்பை வளர்த்தார். அவருக்கு இதற்கான துணிவு மட்டுமல்ல, தகுதியும் இருந்தது. 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அட்டவணையைத் திருத்த வேண்டுமானால், முதலில் அட்டவணை போடக் கற்றுத்தரும் வகுப்பறைக்குள் நுழைய வேண்டும். அந்த வாசல் யாருக்குத் திறந்திருந்தது?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த காலம் அது. கறுப்பின மாணவர்களுக்கான முதல் நூலகவியல் பள்ளி 1925இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் தொடங்கியது, 1939இல் மூடப்பட்டது. 1941இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அடுத்த பள்ளி பிறந்தது. அதை நிறுவி நடத்தியவர் எலைசா அட்கின்ஸ் கிளீசன். நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான்; ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். 1940இல் சிகாகோவில் அவர் அளித்த ஆய்வேடு, தென் மாநிலக் கறுப்பின மக்களுக்குப் பொது நூலகம் எந்த அளவுக்கு எட்டியது என்பதைப் பற்றியது.

அவருக்குப் பின் 1945இல் தலைமை ஏற்றவர் வர்ஜீனியா லேசி ஜோன்ஸ், ஹாம்ப்டன் பள்ளியின் மாணவி. 1981 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அவர் அந்தப் பள்ளியைக் காத்தார். ஹாம்ப்டன் மூடப்பட்டாலும், அங்கே படித்த ஒருத்தியின் கையால் அதன் வேலை தொடர்ந்தது.

இந்தப் பெண்கள் எந்தச் சூழலில் படித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1936இல் ரிச்மண்டில் நடந்த அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் கறுப்பின நூலகர்கள் தனி இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். விருந்து மேசையில் அவர்களுக்கு இடமில்லை. அட்லாண்டா நகரின் மையப் பொது நூலகத்தில் கறுப்பினத்தவர் உறுப்பினராக முடிந்ததே 1959இல்தான். பிரெஞ்சுப் பேராசிரியர் ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் அந்த உறுப்பினர் அட்டையைப் பெற்றார். அதுவரை பதினெட்டு ஆண்டுகள், அந்த நகரத்து மாணவிகள் நூலகராவதற்குப் படித்தார்கள். ஆனால் நகரின் பெரிய நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் வாங்க முடியாது.

ஆதரவு என்ற சொல்லை இங்கிருந்துதான் நான் புரிந்துகொள்கிறேன். உதவித்தொகை அதில் ஒரு பகுதி. 1997இல் அமெரிக்க நூலகச் சங்கம் உருவாக்கிய ஸ்பெக்ட்ரம் உதவித்தொகைத் திட்டம், சிறுபான்மை இன மாணவர் பலருக்கு முதுகலைப் படிப்பைச் சாத்தியமாக்கியது. ஆனால் உதவித்தொகை பெற்றவள் தன் வகுப்பில் ஒரே கறுப்பினப் பெண்ணாக உட்கார்ந்திருக்கலாம். அட்லாண்டாவில் அவள் தனியாள் இல்லை. பாடம் சொல்பவரும் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அவளுடைய வாழ்க்கையை அறிந்தவர்கள். அந்தப் பள்ளி 2005இல் மூடப்பட்டது.

2016இல் கார்லா ஹேடன் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். 2025 மே மாதம் ஒரு மின்னஞ்சலில் அவர் நீக்கப்பட்டார். உச்சியில் நிற்கும் ஒருத்தியை ஒரே நாளில் இறக்கிவிட முடிகிறது. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு நிறையப் பெண்கள் படித்து வெளியே வந்துகொண்டிருந்தால், அத்தனை பேரையும் அப்படி இறக்க முடியாது. முதல் பெண்ணைக் கொண்டாடும் நாம், அடுத்தடுத்து வருகிறவர்களுக்கான வகுப்பறை திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.