கோணமலைச் சுவரும் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லும்

திருகோணமலைக் கோட்டைக் குன்றின் கடற்புறமாகச் செங்குத்தாக இறங்கும் சுவாமிமலைப் பாறை நீர்மட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. கடலினுள்ளும் அது சுவர்போலத் தொடர்கின்றது. அங்குக் கிடக்கும் செதுக்கிய கற்களும் தூண்துண்டுகளும் இன்று பல நாட்டுச் சுழியோடிகளை ஈர்க்கின்றன. இவற்றை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கண்டுபிடித்தனர் என்பதே பொதுவாக எழுதப்படும் வரலாறு. அடுத்த ஆண்டில் வெளிவந்த கிளார்க்கின் 'தி ரீப்ஸ் ஒவ் தப்ரபேன்' என்னும் நூல் அதனை நிலைநிறுத்திற்று. இக்கூற்றிலுள்ள 'கண்டுபிடிப்பு' என்னும் சொல் நுணுகி நோக்கற்பாலது.

கற்கள் கடலுக்குள் வந்த கதை 1622ஆம் ஆண்டுக்குரியது. கொன்ஸ்தந்தீனு த சா தலைமையில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். சித்திரை வருடப்பிறப்பன்று, மூர்த்தி வீதியுலாச் சென்ற வேளையில், அந்தணர் வேடம் பூண்ட படையினர் உட்புகுந்தனர் என்பது மரபு. மதவெறி ஒன்றினாலேயே இதனை விளக்கிவிட முடியாது. 1620இல் டேனியர் இத்துறைமுகத்திற் காலூன்ற முயன்றிருந்தனர். கண்டி இராச்சியத்தின் கீழைக் கடல்வாயிலை அடைத்துவிடுவது போர்த்துக்கேய வாணிக ஆதிக்கத்திற்கு இன்றியமையாததாயிற்று. எனவே கோயிற் கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று. ஒரு பகுதி கடலுக்குள் வீழ்ந்தது. அக்கோட்டை 1639இல் ஒல்லாந்தர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று.

இடிபட்ட கோயிலை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. தானத்தார், வரிப்பற்றார் என அதன் தொழும்பு முறைகளைக் கவிராசவரோதயரின் கோணேசர் கல்வெட்டு வகுத்துரைக்கின்றது. நிலமானிய உறவுகளின் மையமாகவே அது விளங்கிற்று. அக்கற்களைச் சுமந்து ஏற்றியோரின் பெயரைப் புராணமும் சொல்லவில்லை, கல்வெட்டும் சொல்லவில்லை.

கோயில் அழிந்த பின்னரும் பாறை விளிம்பில் நின்று கடலுக்குப் பூசையிடும் வழக்கம் அற்றுப்போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் தென்னந்து முதலிய ஆங்கிலேயர் இதனை விந்தையெனப் பதிவுசெய்தனர். வழிபட்ட மக்களுக்கோ அது விந்தையன்று. தம் கோயில் எங்கே கிடக்கின்றது என்ற நினைவின் தொடர்ச்சி. 1950இல் அருகே கிணறு வெட்டியபோது, புதைத்துக் காக்கப்பட்டிருந்த சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. அங்கே மண்வெட்டி பிடித்தவர்களை எவரும் கண்டுபிடிப்பாளர் என்பதில்லை.

அவ்வாறாயின் 1956இற் புதிதாக வந்தது யாது? கருவியே. கடலிற் பத்து மீற்றர் இறங்கினால் உடலை அழுத்தும் விசை இருமடங்காகும். சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கேற்பக் காற்றை வழங்கும் அடைப்பிதழை கூஸ்தோவும் காஞ்ஞனும் 1943இல், ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்த பிரான்சில் உருவாக்கினர். அதுவரை மன்னார்ச் சலாபத்துக் குளியாளர் கல்லின் பாரத்தோடு இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கி, சிப்பி வாரினர். கடலடியை அவர்களினும் அறிந்தவர் இலர். ஆயின் அவ்வறிவு அரசின் வருவாய்க் கணக்காயிற்றேயன்றி நூலாகவில்லை. கிளார்க்கும் வில்சனும் நின்று பார்த்தனர், படமெடுத்தனர், எழுதினர், அப்பணி சிறிதன்று. அதற்கு வேண்டிய காற்றும் ஓய்வும் அச்சகமும் அவர்களிடம் இருந்தன.

கடலடிக் கற்களோடு ஒரே கோயிலைச் சேர்ந்த கல்லொன்று கோட்டை வாயிலிலும் உண்டு. கயல் உருவமும் தமிழெழுத்தும் பொறித்த அதனைப் போர்த்துக்கேயர் வாயில்நிலையிற் பதித்தனர். 1963இற் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலுக்குச் செல்வோர் இன்றும் அந்த வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.