ஆறெழுத்து ஊரும் ஓடும் நிரலும்

'புதுக்கோட்டை' என்ற பெயரில் 6 எழுத்து: பு, து, க், கோ, ட், டை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணிவிடும். அதே பெயரை இணைய உலாவிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிடம் கொடுத்து நீளம் கேட்டால் 12 என்று பதில் வரும். யூனிகோடில் 'பு' என்பது பகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண்கள். 'க்' என்பது ககரமும் புள்ளியும். ஜாவாஸ்கிரிப்ட் இங்கே எண்ணுவது இந்தக் குறியெண்களை. எழுத்து என்று தமிழர் சொல்வது எது என்பது அதற்குத் தெரியாது.

தெரியாததை அதற்குச் சொல்லித்தர ஒரு வழி உண்டு. எழுத்துகளின் கோவையான சரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'புரோட்டோடைப்' எனும் முன்வடிவப் பொருள் ஒன்று இருக்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் கழித்து எண்ணும் ஒரு மெத்தடை, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு செயலை, நாலு வரியில் எழுதி அதில் சேர்த்துவிட்டால், அந்தக் கணத்திலிருந்து இணையப் பக்கத்திலுள்ள எந்தச் சரத்தைக் கேட்டாலும் சரியான கணக்கைச் சொல்லும். மெத்தட் சேருவதற்கு முன்பே உருவான சரங்களும் சொல்லும். காரணம் எளிது: ஒரு மெத்தடை அழைக்கும்போது மொழி முதலில் அந்தப் பொருளிடமே தேடுகிறது, இல்லையென்றால் அதன் முன்வடிவத்தில், அங்கும் இல்லையென்றால் முன்வடிவத்தின் முன்வடிவத்தில். தேடல் நடப்பது அழைக்கும் நேரத்தில் என்பதால், நேற்றே இருந்ததா இப்போதுதான் வந்ததா என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் வேர் செல்ஃப் என்ற மொழியில் இருக்கிறது. டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1986இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வடிவமைத்தது அது. அதில் வகுப்பு என்ற அச்சு இல்லை. இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து இன்னொன்று உருவாகும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் புது மொழியின் முதல் வடிவத்தை எழுதியபோது, முன்வடிவக் கருத்தை செல்ஃபிலிருந்துதான் எடுத்தார். மொழி பார்வைக்கு ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். அதனால் உடை ஜாவாவுடையதாகவும் உள்ளே உயிர் வேறாகவும் அமைந்தது. மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்ற பெயர்களைக் கடந்து அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. நிரலர் கைக்கு எட்டும்படி புரோட்டோடைப் வெளிப்படையாக வந்தது 1996 ஆகஸ்டில், நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 3.0 உடன்.

அடுத்த சில ஆண்டுகள் இந்த வசதியைப் பெரிதாகச் சீண்டியவர் குறைவு. 2005 பிப்ரவரியில் சாம் ஸ்டீஃபன்சன் எழுதிய நிரல் நூலகம் அதைத் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டது. அதன் பெயரும் புரோட்டோடைப்தான். ரூபி மொழியில் எந்த வகுப்பையும் நடுவழியில் திறந்து புதியதைச் சேர்க்கலாம். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் ஜாவாஸ்கிரிப்டின் அணிகளுக்கும் (மதிப்புகளின் வரிசைகளுக்கும்) சரங்களுக்கும் கைநிறைய மெத்தட்களை வழங்கினார்கள். எழுத இனித்தது. ஆனால் அணியின் உறுப்புகளை ஃபார்–இன் சுற்றில் ஒவ்வொன்றாக எடுத்த பழைய நிரல்களில், உறுப்புகளோடு சேர்ந்து புது மெத்தட்களின் பெயர்களும் வந்து விழுந்தன. எல்லாருக்கும் பொதுவான பொருளில் ஒருவர் சேர்த்தது, அதைக் கேட்டறியாத இன்னொருவரின் கணக்கில் போய் உட்கார்ந்தது.

2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி நூலகம் வேறு பாதையில் போனது. உலாவியின் பொருள்களை அது தொடவில்லை. அவற்றைத் தனதான ஓர் உறைக்குள் வைத்துக்கொண்டது. சேர்க்க வருபவர்களுக்காக அந்த உறையின் முன்வடிவத்தை 'எஃப்என்' என்ற சுருக்கப் பெயரில் திறந்து வைத்தது. புதுக்கோட்டைக்காரருக்கு இதை விளக்கச் சித்தன்னவாசல் குடைவரைக் கோயில் போதும். பாறையைக் குடைந்த கருவறையை யாரும் பெயர்த்துக் கட்ட முடியாது. 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் முன்மண்டபம் எடுத்துச் சேர்த்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இன்று முகப்பில் நிற்கும் தூண்களோ 20ஆம் நூற்றாண்டில் சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து வந்தவை. முன்மண்டபம் மாறிக்கொண்டே இருந்தது. குடைவரை அப்படியே இருக்கிறது.

தமிழுக்கு இந்த முன்மண்டபத்தால் நேரடிப் பயன் விளைந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியபோது, அதைப் படிப்பதைவிட அதில் எழுதுவது கடினமாக இருந்தது. கணினி விசைப்பலகையில் தமிழ் இல்லை. தட்டச்சு மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். சொந்தக் கணினி உள்ளவருக்கு அது சிறு வேலை. புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருபவர், அடுத்தவர் கணினியில் மென்பொருளை எப்படி நிறுவுவார்? விசைப்பலகை பக்கத்தோடு வந்து பக்கத்தோடு போக வேண்டியிருந்தது.

விக்கிமீடியா தளங்களில் அதைச் செய்த முதல் பெரிய கருவி 'நாராயம்'. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு எழுத்தாணி என்று பொருள். அதற்குப் பின் விக்கிமீடியாவின் மொழிப் பொறியியல் குழு 'ஜேக்வெரி.ஐஎம்இ' என்ற நூலகத்தை எழுதியது. 2013இல் நாராயத்தின் இடத்தை அது பிடித்தது. நுட்பமாகப் பார்த்தால் அது செய்வது ஒரே காரியம்: ஜேக்வெரியின் முன்வடிவத்தில் 'ஐஎம்இ' என்ற மெத்தடைச் சேர்க்கிறது. அதன்பின் பக்கத்திலுள்ள எந்த உரைப்பெட்டியையும் ஜேக்வெரி உறையில் இட்டு அந்த மெத்தடை அழைத்தால், பெட்டி தமிழ் எழுதத் தொடங்கும்.

உள்ளே இன்னொரு சேர்க்கையும் நடக்கிறது. தமிழ்99, பாமினி, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எனத் தமிழுக்குப் பல தட்டச்சு முறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி விதிக் கோப்பு. பக்கம் திறக்கும்போது அவை எதுவும் வருவதில்லை. பயனர் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்ததும்தான் அதன் கோப்பு இறங்கி, ஓடிக்கொண்டிருக்கும் நூலகத்தில் தன்னைப் பதிவுசெய்துகொள்கிறது. ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் நூலகம் சுட்டிக்கு முன்னால் உள்ள சில எழுத்துகளை எடுத்து விதிகளோடு ஒப்பிட்டு மாற்றி எழுதும். தமிழ்99இல் 'எச்' விசை ககரம், 'கியூ' விசை ஆகாரம். தனியே அழுத்தினால் 'ஆ'. ககரத்துக்குப் பின் அழுத்தினால் 'கா'. ககரத்தை இருமுறை அழுத்தினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய அந்தப் பலகையின் இலக்கணம் முழுவதும் சில பத்து விதிவரிகளில் அடங்கிவிட்டது.

புதுக்கோட்டையில் 2015 அக்டோபர் 11 அன்று வலைப்பதிவர் திருவிழா நடந்தது. சென்னையிலும் மதுரையிலும் முன்பு கூடியவர்கள் அந்த ஆண்டு இங்கே கூடினார்கள்; தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து மின்தமிழ் இலக்கியப் போட்டிகளும் நடத்தப்பட்டன. இணையத்தில் தமிழில் எழுதுவது அதற்குள் ஒரு மாவட்டத் தலைநகரில் விழா எடுக்கும் அளவுக்குச் சாதாரணமாகிவிட்டிருந்தது.

பொதுப் பொருள்களில் கைவைத்த பழைய வழக்கத்தின் கடன் மட்டும் தீரவில்லை. 2018 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் தரக்குழு அணிகளுக்கு 'ஃபிளாட்டன்' என்ற மெத்தடைச் சேர்க்க முனைந்தது. அதே பெயரில் ஒன்றை மூடூல்ஸ் நூலகம் பல ஆண்டுகளுக்கு முன்பே அணியின் முன்வடிவத்தில் வைத்திருந்தது. மொழியின் சொந்த மெத்தட்கள் ஃபார்–இன் சுற்றுக்குத் தென்படாதவை. அந்தப் பெயர் ஏற்கெனவே மொழியில் இருந்தால், மூடூல்ஸ் அதன்மேல் தன் மெத்தடை எழுதினாலும் தென்படாத தன்மை ஒட்டிக்கொள்ளும். மூடூல்ஸோ அணியின் மெத்தட்களைச் சுற்றில் எடுத்துத்தான் தன் வேறொரு பொருளுக்குப் படியெடுத்தது. அந்தப் படியில் 'ஃபிளாட்டன்' விடுபட்டது. பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் பழைய தளம் ஒன்று உடைந்தது. 'ஸ்மூஷ்' என்று பெயர் மாற்றலாம் என ஒருவர் கேலியாக முன்மொழிய, அது பெரும் சண்டையாகிக் கடைசியில் 'ஃபிளாட்' என்று முடிந்தது. இதே மூடூல்ஸால்தான் 2014இல் 'கன்டெய்ன்ஸ்' என்ற மெத்தட் 'இன்க்ளூட்ஸ்' ஆனது. ஊரார் சுவரில் எழுதிய பெயருக்காக ஊரே பெயர் மாற்றிக்கொண்டதைப் போன்றது இது.

எழுத்தை எண்ணும் சிக்கலுக்கு மொழியே விடை தந்தபோது அதைச் சரத்தின் முன்வடிவத்தில் வைக்கவில்லை. மொழி வழக்குகளுக்கான 'இன்ட்ல்' என்ற தனிப் பொருளின் கீழ் 'செக்மென்டர்' என்ற பெயரில் அது அமைந்தது. குரோம் 2020இலும் சஃபாரி 2021இலும் பயர்பாக்ஸ் 2024 ஏப்ரலிலும் அதை ஏற்றன. அதனிடம் 'புதுக்கோட்டை'யைக் கொடுத்தால் 6 துண்டுகள் வருகின்றன. சரத்திடமே நேராக நீளம் கேட்டால் இன்றும் 12தான்.