மாற்றியம்

ஒரே மூலக்கூற்று வாய்பாடும் வெவ்வேறு அணு அமைப்பும் கொண்ட சேர்மங்கள் வேதியியலில் மாற்றியங்கள் அல்லது சமபகுதியங்கள் எனப்படும். மூலக்கூற்று வாய்பாடு எந்தத் தனிமத்தின் அணுக்கள் எத்தனை உள்ளன என்பதை மட்டுமே கூறும். அவை எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைக் கூறாது. எடுத்துக்காட்டாக, 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட சேர்மங்கள் இரண்டு உண்டு. ஆக்சிஜன் ஒரு கார்பனுடனும் ஒரு ஹைட்ரஜனுடனும் பிணைந்திருப்பின் அது எத்தனால். கொதிநிலை 78 பாகை செல்சியஸ். இரு கார்பன்களுக்கிடையே அமைந்திருப்பின் அது டைமெத்தில் ஈதர். இது −24 பாகையிலேயே கொதித்துவிடும் வளிமம். எத்தனால் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று ஈர்ப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

வரலாறு

1820களில் ஜெர்மானிய வேதியியலாளர்களான லீபிக் வெள்ளி ஃபல்மினேட்டையும், வோலர் வெள்ளி சயனேட்டையும் ஆராய்ந்தனர். முன்னது சிறு உராய்விலேயே வெடிக்கக்கூடியது, பின்னது அத்தகையதன்று. ஆயினும் இரண்டின் இயைபும் ஒன்றாக இருந்தது. வோலரின் பகுப்பாய்வு பிழையானது என்றே லீபிக் முதலில் கருதினார். மறு ஆய்வில் இருவரின் முடிவுகளும் சரியெனத் தெரிந்தது. இயைபு ஒன்றெனில் பொருளும் ஒன்றே என்ற அக்காலக் கருத்து இதனால் ஆட்டங்கண்டது. 1830இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் இத்தகைய சேர்மங்களுக்கு ஐசோமர் எனப் பெயரிட்டார். 'சமபகுதியம்' அக்கிரேக்கச் சொல்லின் நேர் பொருளாகும்.

எண்ணிக்கை

கார்பன் அணுக்கள் கூடக்கூட மாற்றியங்கள் விரைந்து பெருகும். பியூட்டேனுக்கு 2, பென்டேனுக்கு 3, டெக்கேனுக்கோ 75 கட்டமைப்பு மாற்றியங்கள் உள்ளன.