கால்நடைக் குறியீட்டுக் காப்பீடு (கென்யா)

வட கென்யாவின் மார்சபிட்டில் 2010 ஜனவரியில் அறிமுகமான திட்டம். செத்த மாடுகளை யாரும் எண்ணுவதில்லை. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கிறது, அந்தப் பசுமைக் குறியீடு வரையறுத்த அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு. 10 ஆடுகள் ஒரு மாட்டுக்குச் சமமாகக் கணக்கிடப்படும். ஒருவரின் ஒட்டகம் மடிந்தும் குறியீடு அந்த அளவுக்குக் கீழே போகாவிட்டால் பணம் கிடையாது. எனவே நாடோடி மேய்ப்பர்களின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல. பிரீமியத் தள்ளுபடிச் சீட்டு பெற்றவர்கள் கூடுதலாகச் சேர்ந்தனர். காப்பீட்டின் விற்பனைக் காலத்தில் கையில் ரொக்கம் இருப்பதும், அதை விற்க வருபவர்மீது நம்பிக்கையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. வஜீரில் 2013-இல் இஸ்லாமிய நெறிக்கு உகந்த தகாஃபுல் முறை வந்தது. 2011 வறட்சியில் மார்சபிட்டில் முதல் இழப்பீடு கிடைத்தது. 2015-இல் துர்கானா, வஜீர் பகுதிகளின் எளிய குடும்பங்களுக்கு, 5 மாடுகளுக்கு ஈடான கால்நடைகளுக்கான பிரீமியம் முழுவதையும் கென்ய அரசே ஏற்றது.