கை ஃபாக்ஸ் இரவு

பிரிட்டனில் ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று பெருந்தீ மூட்டி, வாணவேடிக்கையோடு கொண்டாடப்படும் இரவு. வெடிக்காமல் போன வெடிமருந்தை நினைத்து நானூறு ஆண்டுகளாக வெடி வெடிக்கிறார்கள்.

முதலாம் ஜேம்ஸ் ஆட்சியில், ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு வராத கத்தோலிக்கர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. பொறுமையிழந்த ராபர்ட் கேட்ஸ்பியும் கூட்டாளிகளுமாக 13 பேர், 1605இல் நாடாளுமன்றம் தொடங்கும் நாளில் அரசரையும் பிரபுக்களையும் ஒருசேரத் தகர்க்கத் திட்டமிட்டனர். பிரபுக்கள் அவைக்கு நேர் கீழே ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, 36 பீப்பாய் வெடிமருந்தை விறகுக்கும் கரிக்கும் அடியில் ஒளித்தார்கள். காட்டிக்கொடுத்தது, அவைக்குப் போக வேண்டாமென்று மான்டீகிள் பிரபுவுக்கு வந்த ஒரு மொட்டைக் கடிதம். நவம்பர் 4 நள்ளிரவையொட்டி நடந்த சோதனையில், காவலுக்கு நின்ற கை ஃபாக்ஸ் சிக்கினார். பெயர் கேட்டதற்கு ‘ஜான் ஜான்சன்’ என்றார். சித்திரவதைக்குப் பின் வாக்குமூலத்தில் அவர் இட்ட கையெழுத்து வெறும் நடுக்கமாகத் தேய்ந்திருக்கிறது. 1606 ஜனவரி 31 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

சதி முறிந்ததும், நவம்பர் 5 இரவே லண்டன் தெருக்களில் தீ மூட்டப்பட்டது. அடுத்த சில மாதங்களில் நாடாளுமன்றம் சட்டமே போட்டு, ஆண்டுதோறும் நன்றி வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. 1859 வரை அது நீடித்தது.

தீ அப்படியே இருக்க, அதில் எரிபவர்தான் மாறிக்கொண்டே வந்தார். 17ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் கொடும்பாவி. பிறகு ஃபாக்ஸுடையது. பழந்துணிக்குள் வைக்கோல் திணித்த அந்தப் பொம்மைக்கு ‘கை’ என்றே பெயர். பிள்ளைகள் அதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் சில்லறை கேட்டார்கள். அந்தப் பெயரே தேய்ந்து, ஆங்கிலப் பேச்சில் ‘ஆள்’ என்ற சாதாரணப் பொருளுக்கு வந்துவிட்டது. சதிகாரனுக்கு இப்படியொரு அமரத்துவம்! அவர் படித்த யார்க் நகரத்து செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் மட்டும் பழைய மாணவரை எரிப்பதில்லை.

மதப்பகை பெரும்பாலும் கரைந்து, இது குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் வாணவேடிக்கையாகிவிட்டது. சசெக்ஸ் மாவட்டத்து லூயிஸ் ஊர் விதிவிலக்கு. 1555 முதல் 1557 வரை அங்கே உயிரோடு கொளுத்தப்பட்ட 17 புராட்டஸ்டன்டுகளுக்காக, இன்றும் எரியும் சிலுவைகள் 17 ஊர்வலம் போகின்றன. பின்னாலேயே, அந்தந்த ஆண்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட அரசியல்வாதிகளின் ராட்சதக் கொடும்பாவிகள்.

லண்டனிலும் பழைய சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை. அரசர் வந்து நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைக்கும் ஒவ்வொரு முறையும், சிவப்பு உடைக் காவலர்கள் விளக்கும் கையுமாக நிலவறையைச் சோதித்த பிறகே சடங்கு நடக்கிறது.